குளிர்காலத்தில் பழைய வான் வண்டிகளின் ஆக்ஸிலேட்டர் மிதி ஒட்டிக்கொள்ளுதலும் அதன் பரிகாரமும்

நாமக்கல் ஜில்லா சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாய்க் கொல்லிமலைமேல் செல்லும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. மலைமேல் விளையும் மிளகு, காப்பி, வாழை, அன்னாசி, மரவள்ளி முதலிய சரக்குகள் இவ்வளைவுகளின் வழியே சமவெளிக்கு இறங்கவேண்டியிருக்கிறது. சிறு குடியானவரின் சரக்கை ஏற்றி இறக்குவன பெரும்பாலும் வான்களும் சிறு பார வண்டிகளுமேயாம். அவற்றுள் பல நெடுங்காலம் உழைத்தவை. ஒருவர் கை மாறி மற்றொருவர் கைக்கு வந்தவை. மார்கழி, தை மாதங்களில் காப்பிப்பழம் பறித்தலும், அதனையடுத்து மிளகு அறுவடையும், மரவள்ளிக் கிழங்கு வெட்டுதலும் நெருங்கி வருவதால், ஆண்டின் மிகக் குளிர்ந்த நாட்களே இவ்வண்டிகளுக்கு வேலை மிகுந்த நாட்களாகவும் அமைந்துவிடுகின்றன.

இந்நாட்களில் விடியற்காலையில் வண்டியைக் கிளப்பும் டிரைவர்கள் ஒரு குறையை அடிக்கடி சொல்லக் கேட்கலாம். ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் மிதி உடனே எழும்புவதில்லை. சோம்பி மெல்ல எழும்புகிறது, அல்லது பாதி வழியில் நின்றுவிடுகிறது. எஞ்சின் தன் வேகத்தைக் குறைக்காமல் இரைந்துகொண்டேயிருக்கும். ஓரிரு மைல் ஓடி எஞ்சின் சூடேறியபின் இக்குறை தானே மறைந்துவிடுவதுமுண்டு. ஆகையால் அநேகர் இதனைக் குளிரின் மேல் சுமத்தி, “வெயில் ஏறினால் சரியாகிவிடும்” என்று இருந்துவிடுகின்றனர். இது தவறான எண்ணம். நல்ல நிலையிலுள்ள ஆக்ஸிலேட்டர், கொல்லிமலையின் குளிருக்கு ஒருபோதும் ஒட்டிக்கொள்வதில்லை. இமயமலைச் சாரலில் நீர் உறையும் குளிரிலும் இத்தகைய வண்டிகள் ஓடுகின்றன. குளிரானது புதிதாய் ஒரு பழுதை உண்டாக்குவதில்லை. மழைக்காலத்திலேயே உண்டாகி மறைந்திருக்கும் பழுதை வெளிப்படுத்துகிறது. வெப்பம் மீண்டும் அதை மறைத்துவிடுகிறது. மறைந்த பழுது தீர்ந்த பழுதாகாது.

மிதி திரும்பிவரும் விதம்

பழைய வண்டிகளில் ஆக்ஸிலேட்டரின் அமைப்பு மிக எளியது. காலால் மிதியை அழுத்தினால் அதனோடு பிணைத்த கேபிள் இழுபடுகிறது. கேபிளின் மறுமுனை பெட்ரோல் வண்டியில் கார்புரேட்டரின் த்ராட்டில் நெம்புகோலையும், டீசல் வண்டியில் எரிபொருள் பம்பின் நெம்புகோலையும் இழுத்துத் திறக்கிறது. காலை எடுத்தவுடன், எஞ்சின் பக்கத்திலுள்ள ரிட்டர்ன் ஸ்பிரிங் அந்நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து மூடுகிறது. சில வண்டிகளில் மிதியின் அடியிலும் ஒரு சிறு ஸ்பிரிங் உண்டு. 1984-ல் வெளிவந்து பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற மாருதி வானின் பழைய கார்புரேட்டர் வகையும், மாட்டடார் போன்ற பழைய டீசல் வான்களும் நுணுக்கங்களில் வேறுபட்டாலும் இத்தத்துவத்தில் ஒன்றே. மிதியில் கேபிளே இல்லாது மின்கம்பி மட்டும் உள்ள புதிய வண்டிகளுக்கு இக்கட்டுரையில் கூறும் முறைகள் பொருந்தா.

இதில் கவனிக்கவேண்டியது யாதெனில், மிதிக்கும்போது மனிதனுடைய கால் வேலை செய்கிறது. திரும்பும்போது ஸ்பிரிங் மட்டுமே வேலை செய்கிறது. கேபிள் சற்று இறுகிவிட்டால் காலுக்கு அது பெரிதாய்த் தோன்றாது. இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுப் போகும். ஸ்பிரிங்குக்கு அவ்வாறு கூடுதலாய்த் தருவதற்கு வலு இல்லை. ஆகவே பழுது முதலில் வெளிப்படுவது மிதிப்பதிலன்று, திரும்புவதிலேயாம். “மிதிக்க லேசாய்த்தான் இருக்கிறது” என்று டிரைவர் சொல்வதைக்கொண்டு கேபிள் நன்றாயிருக்கிறதென முடிவு செய்துவிடக் கூடாது.

கேபிளின் தன்மை

உறைக்குள் ஓடும் இவ்வகைக் கம்பிக்கு இங்கிலாந்தில் எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896-ல் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பிரேக்கிலும் மோட்டார் சைக்கிளின் கிளட்சிலும் இருப்பது இதுவே. மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்த உள் கம்பி, சுருளாய்ச் சுற்றிய எஃகு உறைக்குள் ஓடுகிறது. உறையின்மேல் பிளாஸ்டிக் தோல் போர்த்தியிருக்கும். பிற்காலத்துக் கேபிள்கள் பலவற்றில் உறையின் உட்புறம் வழவழப்பான பிளாஸ்டிக் குழலும் உண்டு.

நேராய் ஓடும் கேபிளில் உராய்வு சொற்பமே. வளைவு கூடக்கூட உராய்வு வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் பெருகும். கிணற்றுக் கயிற்றை ஒரு மரத்தில் அரைச் சுற்று சுற்றிப் பிடித்தால் சிறுவன்கூடப் பாரத்தை நிறுத்திவிடலாம் என்பதைக் குடியானவர் அறிவர்; அதே நியதி கேபிளுக்குள்ளும் வேலை செய்கிறது. உதாரணமாக, ஒரு கேபிள் தன் வழியில் மொத்தம் அரை வட்டம் வளைந்து செல்வதாகவும், ஸ்பிரிங்கின் இழுப்பு 2 கிலோகிராம் எனவும் வைத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் 0.1 என்னும் நல்ல நிலையில் மிதியை மேலே தூக்க ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் வலு மிஞ்சும். துருவும் அழுக்கும் சேர்ந்து குணகம் 0.3 ஆகிவிட்டால், மிஞ்சுவது முக்கால் கிலோகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. மிதியின் பாரமும் அதன் அச்சின் இறுக்கமும் அதனைத் தின்றுவிட்டால் மிதி நின்ற இடத்திலேயே நிற்கும். கேபிளை வேண்டாத வளைவின்றிப் போடவேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

துரு ஏறுவது எப்போது? ஐப்பசி, கார்த்திகை மழையில். வண்டியின் முன்பக்கத் தடுப்புத் தகட்டில் கேபிள் நுழையும் துவாரத்திற்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது வெடித்தோ கழன்றோ போயிருந்தால் சக்கரங்கள் வாரியடிக்கும் சேற்றுநீர் உறையின் வாய்வழியே இறங்கி, கேபிள் தாழ்ந்து வளைந்துள்ள இடத்தில் தங்கிவிடும். வண்டி தினமும் ஓடும் வரையில் கம்பி அசைந்துகொண்டிருப்பதால் துரு பிடிப்பு கொள்ளாது. இரண்டு வாரம் கொட்டகையில் நின்றுவிட்டு மார்கழியில் மறுபடி எடுக்கும் வண்டியே அதிகமாய்த் தொல்லை தருகிறது.

எண்ணெய் விடுதலில் நேரும் பிழை

கேபிள் இறுகினால் எண்ணெய் விடவேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. எந்த எண்ணெய் என்பதில்தான் பெரும்பிழை நேர்கிறது. கைக்கெட்டிய தேங்காயெண்ணெயைச் சில சொட்டுகள் விட்டுவிடும் வழக்கம் கிராமங்களில் உண்டு. விட்ட அன்று கேபிள் வெண்ணெய்போல் ஓடும், விட்டவருக்கும் பெருமையாயிருக்கும். ஆனால் தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். மார்கழிக் காலையில் வீட்டுப் புட்டியிலுள்ள எண்ணெய் வெள்ளையாய்க் கட்டிப்போவதைக் காணாதார் இலர். புட்டிக்குள் நடப்பதே கேபிளுக்குள்ளும் நடக்கிறது. மலைமேல் கடல் மட்டத்திற்கு 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் காலைக் குளிர் சமவெளியைவிட ஐந்தாறு டிகிரி மிகுதியாயிருப்பதால், அங்கு எண்ணெய் உருகுவதற்கு நெடுநேரம் செல்லும். எஞ்சினின் சூட்டில் உருகியதும் மிதி சரியாகிவிடும். அதைக் கண்டு, குளிர்தான் காரணம் என்று டிரைவர் உறுதிகொண்டுவிடுவார்!

விளக்கெண்ணெய் உறைவதில்லை, எனினும் குளிரில் மிகவும் தடித்துப்போகும். கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றுப் பட்டுக் காலப்போக்கில் பிசினாய் மாறும். அப்பிசினில் தூசி ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குப் போடும் கெட்டி கிரீஸைக் கேபிளின் வாயில் அப்பிவிடுவதும் இதைப்போன்ற பிழையே. அது உள்ளே செல்லாமல் வாயிலேயே தங்கி மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். உள்ளே சென்றாலோ குளிரில் இறுகும். உள்ளே பிளாஸ்டிக் குழலின்றி வெறும் எஃகு உறையோடுள்ள பழைய கேபிளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெயே தக்கது. பிளாஸ்டிக் குழல் உள்ளவற்றிற்கு எண்ணெயே வேண்டுவதில்லை; அவை இறுகினால் மாற்றிவிடுவதே சிலாக்கியம்.

பழுது எங்கே என்று காணும் முறை

சோதனைக்கு ஏற்ற நேரம் விடியற்காலை. ஏற்ற இடம் வண்டி இரவில் நின்ற இடம். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ காலை ஆறு மணிக்கு ஒட்டிய மிதியைச் சேந்தமங்கலத்தில் நண்பகலில் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினால், அங்கே அது குற்றமின்றி எழும்பும். மெக்கானிக் ஒன்றுமில்லையென்று அனுப்பிவிடுவார். அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. வண்டியை முந்தின மாலையே பட்டறையில் விட்டுவைத்து, மறுநாள் எஞ்சினைக் கிளப்புமுன் சோதிக்கச் சொல்லவேண்டும். தகுதிச் சான்றுக்காக அதிகாரிகள் வண்டியைப் பார்ப்பதும் வெயில் ஏறிய பின்னரேயாகையால், அச்சான்று கையிலிருப்பதைக்கொண்டு இவ்விஷயத்தில் மன அமைதி கொள்ள இடமில்லை.

முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அணைத்து, எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே மிதியைத் தரைவரை அழுத்திக் காலை வெடுக்கென எடுக்கவேண்டும். மிதி ஓசையோடு உடனே மேலே வந்து நிற்கவேண்டும். முழுதும் அழுத்தியும், பாதி அழுத்தியும், மிகச் சிறிதே அழுத்தியும் இவ்வாறு பார்த்தல் அவசியம். சிறிதளவு அழுத்தியபோது மட்டும் ஒட்டும் வண்டிகளும் உண்டு.

பின்னர்த் தரை விரிப்பை அகற்றிவிட்டு மறுபடி சோதிக்கவேண்டும். இது அற்பமாய்த் தோன்றலாம். அமெரிக்காவில் 2009 ஆகஸ்டு 28-ல் வேறு மாதிரி வண்டிக்குரிய ரப்பர் விரிப்பு ஒன்று மிதியைப் பிடித்துக்கொண்டமையால் ஒரு லெக்ஸஸ் காரில் சென்ற நால்வர் உயிரிழந்தனர். அவ்விரிப்பு வண்டிக்கு அளவெடுத்துச் செய்த கம்பெனி விரிப்பேயன்றிச் சாக்குத்துண்டு அன்று. குளிருக்காகவும் சேற்றுக்காகவும் கோணிச் சாக்கை மடித்து மிதியடியில் போடும் நம் டிரைவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். ஆக்ஸிலேட்டர் பக்கம் விரிப்பே இல்லாதிருப்பது குற்றமன்று.

விரிப்பை எடுத்தும் ஒட்டுமாயின், எஞ்சின் பக்கத்தில் கேபிளின் முனையை நெம்புகோலிலிருந்து கழற்றிவிடவேண்டும். இதனால் அமைப்பு இரண்டாய்ப் பிரிந்துவிடுகிறது. நெம்புகோலை விரலால் முழுதும் திறந்து விட்டால் அது பட்டென்று மூடவேண்டும். மூடினால் எஞ்சின் பக்கம் குற்றமில்லை. மூடாமல் தயங்கினால் கேபிளை மாற்றிப் பயனில்லை. அடுத்து, மிதியின் பக்கத்திலும் கேபிளைக் கழற்றி, உள் கம்பியை இரு முனையிலும் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கவேண்டும். எங்கும் தட்டாமல் ஒரே சீராய் ஓடவேண்டும். இறுதியில் தனித்து நிற்கும் மிதியைக் கையால் ஆட்டிப் பார்க்கவேண்டும். இம்மூன்றையும் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். இச்சோதனையின்றி, கண்டவுடன் எல்லாவற்றின்மேலும் எண்ணெயைத் தெளிப்பவர்க்கு எது குற்றவாளி என்பது கடைசிவரை தெரியாது.

ஒவ்வொன்றிற்கும் பரிகாரம்

மிதியின் அச்சு: தரையில் கீல் வைத்த மிதியாயின் காலணியின் மண் கீலுக்குள் புகுந்து இறுகியிருக்கும், மேலிருந்து தொங்கும் மிதியாயின் அச்சும் அதன் புஷ்ஷும் துருப்பிடித்திருக்கும். அச்சைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிய கிரீஸ் சிறிது தடவிப் பூட்டினால் போதும். புஷ் தேய்ந்து மிதி பக்கவாட்டில் ஆடினால் அதனை மாற்றிவிடவேண்டும்; ஆடும் மிதி பக்கத்துத் தகட்டில் மாட்டிக்கொள்ளும்.

கேபிள்: முனைகளை நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஈயக் குமிழ் பற்றவைத்த இடத்திலும் உறையின் வாயிலும் கம்பியின் இழைகளில் ஒன்றேனும் அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால், மேற்கொண்டு யோசனை வேண்டாம். புதுக் கேபிளே போடவேண்டும். அறுந்த இழை உறையின் வாயில் குத்தி நின்று த்ராட்டிலைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். அதனைக் கத்தரித்துவிட்டு ஓட்டுவது மறுநாள் மற்றோர் இழைக்குக் காத்திருப்பதேயாகும். இழைகள் நன்றாயிருந்து துருவும் பழைய எண்ணெயும் மட்டுமே காரணமானால், பழைய வகைக் கேபிளை முழுதும் கழற்றிச் செங்குத்தாய்த் தொங்கவிட்டு, மேல்வாயில் பிளாஸ்டிக் தாளைப் புனல்போல் சுற்றிக் கட்டி, முதலில் மண்ணெண்ணெயை விட்டுக் கம்பியை ஆட்டவேண்டும். கீழ்வாயில் கறுத்து ஒழுகுவது தெளியும்வரை இவ்வாறு செய்து, ஓரிரவு வடியவிட்டு, பிறகு மெல்லிய எண்ணெயை அதே வழியில் விடவேண்டும். அவ்வளவும் செய்தபின்னும் ஓரிடத்தில் தட்டினால் உள்ளே உறை நசுங்கியிருக்கிறதென்று கொண்டு எறிந்துவிடலாம்.

புதுக் கேபிள் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச்சென்று நீளத்தை ஒத்துப்பார்க்கவேண்டும். நீளம் மிகுந்த கேபிளைச் சுற்றிமடக்கிப் போட்டால், முன்னர்க் கூறிய உராய்வுக் கணக்கின்படி புதுக் கேபிளும் பழையதைப்போலவே ஒட்டும். புகைக்குழாயின் அருகில் செல்லாதபடியும், உறையின் வாய் வானத்தைப் பார்க்காதபடியும் வழி அமைத்து, தடுப்புத் தகட்டில் ரப்பர் வளையத்தையும் புதிதாய்ப் போடவேண்டும். மிதி எழும்பி நிற்கையில் கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி இருத்தல் வேண்டும். மிதி தரையைத் தொடுகையில் நெம்புகோல் முழுதும் திறந்திருக்கவேண்டும். தளர்ச்சியே இல்லையாயின் எஞ்சின் ஓயாமல் இரையும்.

கார்புரேட்டர்: த்ராட்டில் அச்சிலும் பட்டர்பிளை தகட்டின் விளிம்பிலும் கறுப்புப் பிசின் படிந்து ஒட்டவைக்கும். காற்று வடிகட்டியைக் கழற்றி, எஞ்சின் ஆறியபின், கார்புரேட்டர் கழுவும் திரவத்தையும் மெல்லிய தூரிகையையும் கொண்டு சுத்தம் செய்யலாம். அருகில் பீடி, சிகரெட் முதலியன கூடாது. ஆம்னி வகையில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் கதவுகளை அகலத் திறந்துவைத்துச் செய்யவேண்டும். பட்டர்பிளை தகடு தன் துவாரத்தின் சுவரில் ஆப்புப்போல் சிக்குவதும் உண்டு. வேகம் குறைந்து நிற்கும் நிலைக்குரிய திருகாணியை யாரேனும் அளவுக்குமேல் தளர்த்திவிட்டதே அதற்குக் காரணம். அதனைச் சரியான அளவுக்கு முறுக்கினால் சிக்கல் தீரும்.

குளிர்ந்த எஞ்சினைச் சோக் இழுத்துக் கிளப்பியவுடன் சற்று நேரம் அது வேகமாய் ஓடுவது பழுதன்று. கார்புரேட்டரின் அமைப்பே அவ்விதம். அப்போது மிதி முழுதும் எழும்பியே நிற்கும் என்பதைக்கொண்டு இதனை வேறுபிரித்தறியலாம்.

டீசல் பம்பு: வெளியிலுள்ள நெம்புகோலும் அதன் ஸ்பிரிங்கும் மண்ணேறியிருந்தால் துடைத்து எண்ணெயிடலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம். அதற்குமேல் பம்பின் உள்ளே கைவைத்தல் கூடாது. நெம்புகோல் நன்கு மூடியும் எஞ்சின் வேகம் குறையவில்லையென்றால் பம்பின் உட்கருவியே சிக்கியிருக்கிறது. அத்தகைய வண்டியை ஓட்டிச்செல்லாமல், டீசல் பம்பு பழுதுபார்ப்போரிடம் கட்டி இழுத்தே கொண்டுசெல்லவேண்டும்.

ரிட்டர்ன் ஸ்பிரிங்: கேபிள் இறுகியதை ஒப்புக்கொள்ளாமல், இருக்கும் ஸ்பிரிங்கோடு சைக்கிள் ஸ்பிரிங் ஒன்றையும் மாட்டிவிடுவது சில பட்டறைகளில் சுலப வழியாய் வழங்கிவருகிறது. ரப்பர் பட்டையைக் கட்டி ஓட்டுவோரும் உளர். இதனால் இறுக்கம் தீர்வதில்லை. மிதி கடினமாகிக் கம்பி விரைவில் அறும். ஆனால் கேபிளையும் அச்சுகளையும் சீர்செய்தபின் இரண்டாவது ஸ்பிரிங் இருத்தல் நல்லதே. அமெரிக்க மோட்டார் வண்டிப் பாதுகாப்பு விதிகளுள் 124-ஆம் விதி, த்ராட்டிலை மூடுவதற்குக் குறைந்தது இரண்டு தனித்தனி ஆதாரங்கள் வேண்டுமென்றும், அவற்றுள் ஒன்று அற்றாலும் மற்றது மூடவேண்டுமென்றும் 1973 முதல் வற்புறுத்திவருகிறது. சிறு வண்டிகளில் 1 விநாடிக்குள் மூடவேண்டும். நீர் உறைநிலைக்கும் மிகத் தாழ்ந்த கடுங்குளிரில்கூட 3 விநாடிக்குமேல் ஆகக் கூடாது. சோளக்காட்டின் காலைக் குளிரில் ஐந்து விநாடி எடுக்கும் மிதியை இவ்வளவோடு ஒத்துப்பார்க்கலாம்.

மூடுபனியால் நேரும் விசித்திரம்

பெட்ரோல் வண்டிகளில், மேற்கூறிய யாவும் சரியாயிருந்தும் த்ராட்டில் சிக்குவது உண்டு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெளிக்காற்று 10, 12 டிகிரியாயும் மூடுபனியால் ஈரம் நிரம்பியும் இருந்தால், உள்ளே நீர் உறையும் அளவுக்குக் குளிர்ந்து பட்டர்பிளை தகட்டின் விளிம்பில் பனிக்கட்டி படியும். நம் நாட்டில் பனிக்கட்டியா என்று வியக்க வேண்டுவதில்லை. வெளியே நீர் உறையாத மிதமான குளிரிலேயே இது அதிகமாய் நிகழ்கிறது. இதற்கு அடையாளம், வண்டியை நிறுத்திச் சில நிமிஷம் கழித்துப் பார்த்தால் எஞ்சினின் சூட்டில் பனி உருகி, குற்றம் இருந்த சுவடே தெரியாமற்போவதாம். புகைக்குழாயின் அருகிலிருந்து வெந்காற்றை வடிகட்டிக்குக் கொண்டுவரும் குழாய் சில வண்டிகளில் உண்டு. உபயோகமற்றதென்று அதனைக் கழற்றி எறிந்துவிடும் பட்டறைகள் பல. அதனைத் தேடி மீண்டும் பொருத்துவதே பரிகாரம். டீசல் வண்டிகளுக்கு இத்தொல்லை இல்லை.

ஈரமும் குளிரும் புதிய வண்டிகளையும் விட்டுவைக்கவில்லை. 2010 ஜனவரியில் டொயோட்டா கம்பெனியார் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 23 லட்சம் வண்டிகளை மிதி ஒட்டும் குறைக்காகத் திருப்பியழைத்தனர். மிதிக்குள்ளிருந்த உராய்வுப் பகுதி தேய்ந்து, அதன்மேல் நீர்த்துளி படியும்போது மிதி மெல்லத் திரும்பியது. ஒரு சிறு எஃகுத் தகட்டை இடையில் செருகி அதனைத் திருத்தினர்.

இறக்கத்தில் மிதி ஒட்டிக்கொண்டால்

பாரத்தோடு கீழிறங்கும்போது இது நேர்ந்தால் யோசிக்க நேரம் இராது. ஆகையால் டிரைவர் செய்யவேண்டியதை முன்னரே மனத்தில் பதித்திருத்தல் வேண்டும். மிதியைக் குனிந்து கையால் தூக்க முயல்வது முதற் பிழை. கண் பாதையை விட்டு விலகிவிடும். தொங்கும் மிதியாயின் கால் பெருவிரலை அதன் அடியில் கொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம், அவ்வளவே.

பிரேக்கை ஒரே அழுத்தாய் உறுதியாய் அழுத்தி, விடாமல் பிடிக்கவேண்டும். விட்டுவிட்டு அழுத்துதல் கூடாது. பெட்ரோல் வண்டியில் பிரேக்குக்குத் துணைவலு தருவது எஞ்சினின் உறிஞ்சு சக்தி. த்ராட்டில் அகலத் திறந்திருக்கும்போது அச்சக்தி ஏறக்குறைய இல்லாதாகிவிடும். சேமித்துவைத்த வலு இரண்டு மூன்று அழுத்துக்கே போதும். அதனைத் தவணையாய்ச் செலவழித்துவிட்டால் பிறகு பிரேக் மிதி கல்லாய் நிற்கும். டீசல் வண்டியில் இதற்கெனத் தனிப் பம்பு இருப்பினும் எஞ்சின் நின்றபின் நிலைமை இரண்டிற்கும் ஒன்றே.

அதே கணத்தில் எஞ்சினை நிறுத்தவேண்டும். பெட்ரோல் வண்டியில் சாவியை ஒரு படி மட்டும் பின்னுக்குத் திருப்புதல் போதும். சாவியை வெளியே எடுத்தால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகள் உள்ளன. பழைய டீசல் வண்டிகளில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடிக்கவேண்டும். அக்குமிழின் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளின் உடன்பிறப்பே; அதே மழையில் நனைந்து அதே துருவை ஏற்றிருக்கும். ஆகையால் ஒன்றைச் சோதிக்கும் நாளில் மற்றதையும் சோதித்தே ஆகவேண்டும். அது இழுபடாமற்போனால், மேல் கியரில் பிரேக்கை முழுவலுவோடு அழுத்தி எஞ்சினைத் திணறவைத்து நிறுத்துவது ஒன்றே எஞ்சிய வழி.

கிளட்சை அழுத்துவதா என்பதில் டிரைவர்களுக்குள் இருவேறு கருத்து உண்டு. சமவெளியிலும் ஏற்றத்திலும் கிளட்சை அழுத்துவதே சரி; எஞ்சின் வீணே இரைந்தாலும் வண்டி நிற்கும். செங்குத்தான இறக்கத்தில் கிளட்சை அழுத்தினால் எஞ்சினின் பிடி முற்றும் அற்று, பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். பல வளைவுகள் இறங்கிச் சூடேறிய பிரேக் அதனைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே இறக்கத்தில் கீழ்க் கியரை விடாமல் வைத்து, எஞ்சினின் ஓட்டத்தை மட்டும் நிறுத்துவதே நலம். ஓடாத எஞ்சினைச் சக்கரங்கள் சுழற்றவேண்டியிருப்பதால் வேகம் தணியும். பெட்ரோல் வண்டியில் த்ராட்டில் திறந்திருப்பதால் இப்பிடி வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும் அது இல்லாததைவிட மேலானது. வேகம் குறைந்ததும் மலைச்சுவர் இருக்கும் பக்கமாய் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் அணைக்கவேண்டும். அவ்விடத்திலிருந்து, சற்று ஆறியபின் மிதி எழும்பிவிட்டதென்று நம்பி மறுபடி பாரத்தோடு இறங்குதல் கூடாது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றவேண்டியதுதான். ஒரு நாள் வாழைத்தார் வாடிவிடுவதைப் பற்றிக் கவலைப்படும் உடையவர், 70 வளைவுகளில் எத்தனை மீதியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

வாடகை வண்டியில் சரக்கேற்றும் குடியானவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. மிதி ஒட்டுகிறதென்று முதலில் அறிபவர் டிரைவர். நடை தவறினால் கூலி போய்விடும் என்பதால் சொல்லத் தயங்குபவரும் அவரே. ஏற்றுமுன் மிதியை ஒருமுறை அழுத்திக் காட்டச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். அறுவடைக் கூலியாட்களைச் சரக்கு வண்டியின் பாரத்தின்மேல் ஏற்றிவிடும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் கண்டும் காணாதிருப்பது ஒருநாளும் தக்கதன்று. விடியற்காலை மூடுபனியில் பழைய வண்டி இறங்கும் மாதங்களில் அது இன்னும் தகாது. பஞ்சாயத்து வேலைக்கும் பொருள் வினியோகத்துக்கும் அமர்த்தும் வண்டிகளைக் கார்த்திகை முடிந்ததும் ஒரு காலையில் ஒருசேர நிறுத்தி, மிதியையும் டீசல் நிறுத்தும் குமிழையும் அழுத்தியும் இழுத்தும் பார்த்துவிடுவது அவர்களால் எளிதில் ஆகக்கூடியது.

பழுதுபார்த்த வண்டியை அன்றே பாரமேற்றி அனுப்பாமல், ஓரிரவு மலைமேல் வெளியில் நிறுத்தவேண்டும். மறுநாள் எஞ்சினைக் கிளப்புமுன் மிதியைப் பத்து முறையும், கிளப்பியபின் பத்து முறையும் அழுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். இருபதில் ஒருமுறை தயங்கினாலும், கேபிளை மறுபடி எஞ்சின் பக்கத்தில் கழற்றி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.